பச்சிளங்குழந்தையின் உறக்கத்துக்கு வெண்ணிரைச்சல் கருவி: 9 வாரம் பயன்படுத்திய ஒரு தந்தையின் மதிப்பீடு

எங்கள் மகளுக்கு ஐந்து வாரம் ஆனபோது இந்தக் கருவியை வாங்கினோம். அதுவரை, என் தோளில் சாய்ந்தபடி நன்றாக உறங்கிப்போகும் அவள், தொட்டிலில் கிடத்திய சில நிமிடங்களிலேயே கைகளை விரித்துத் திடுக்கிட்டு விழித்து அழுவாள். மீண்டும் தூக்கிக்கொண்டு அறைக்குள் நடப்பேன், மீண்டும் கிடத்துவேன், இப்படியே பொழுது விடியும். பிரசவக் களைப்பு தீராத என் மனைவிக்கு, பால் கொடுத்து முடித்த பிறகு இரண்டு மணி நேரமாவது விட்டுவிட்டு வராத உறக்கம் கிடைக்க வேண்டும் என்பதுதான் என் ஒரே கவலையாக இருந்தது.

கருவி உள்ளங்கைக்குள் அடங்கும் உருண்டை வடிவம் கொண்டது. மழை, அருவி, மின்விசிறி, இதயத்துடிப்பு, வெண்ணிரைச்சல் (நிலையம் சிக்காத வானொலியில் வருவது போன்ற, ஏற்ற இறக்கமில்லாத 'ஷ்ஷ்' ஒலி), சில தாலாட்டு மெட்டுகள் ஆகியவை இதில் உள்ளன. ஒரே சீராக ஒலிக்கும் இரைச்சல், திடீரென்று எழும் மற்ற ஓசைகளை அமுக்கிவிடுவதால் குழந்தை எளிதில் விழிப்பதில்லை என்பதே இதன் அடிப்படை. 1990ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், வெண்ணிரைச்சல் கேட்ட 20 பச்சிளங்குழந்தைகளில் 16 பேர் ஐந்து நிமிடத்துக்குள் உறங்கினர். கேட்காத 20 பேரில் 5 பேர் மட்டுமே அவ்வாறு உறங்கினர். இதைப் படித்துவிட்டு, பட்டனை அழுத்தியதும் மகள் கண்ணயர்ந்துவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். அப்படி நடக்கவில்லை. பசியோடு அழுதபோதும், வயிற்றில் காற்று அடைத்து முறுக்கியபோதும் இந்த ஒலி அவளுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. உறங்கிய பிறகு அந்த உறக்கத்தைக் காப்பதில்தான் கருவியின் பயன் தெரிந்தது: கதவு சாத்தும் ஓசைக்கும் பாத்திரம் விழும் ஓசைக்கும் வெளியே நாய் குரைப்பதற்கும் முன்பு பதறி எழுந்தவள், மூன்றாம் நாளிலிருந்து அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அசையவில்லை.

நான் சற்றும் எதிர்பாராத இன்னொரு பயனும் இருந்தது, அதையே முதன்மையானதாகக் கருதுகிறேன். பிறந்த குழந்தையின் உறக்கத்தில் ஏறத்தாழ பாதி, கண்ணிமை துடித்து, கைகால் அசைந்து, முனகலும் சிணுங்கலுமாகக் கழியும் அசைவுறக்கம். இதை அறியாமல், ஒவ்வொரு முனகலுக்கும் ஓடிப்போய் அவளைத் தூக்கி, உறங்கிக்கொண்டிருந்த குழந்தையை நானே எழுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். கருவியின் மெல்லிய இரைச்சல் அந்தச் சிறு முனகல்களை என் காதிலிருந்தும் மறைத்தது. உண்மையான அழுகையோ தெளிவாகவே கேட்டது. காத்திருக்கப் பழகினேன். முதல் வாரத்திலேயே ஓர் இரவில் நான் அவளைத் தூக்கும் தடவைகள் பாதியாகக் குறைந்தன.

ஒலிகளில் மின்விசிறியும் வெண்ணிரைச்சலும் சிறந்தவை. மழை ஒலி நன்றாக இருந்தாலும், பதிவு முடிந்து மறுபடி தொடங்கும் இடத்தில் கணநேர இடைவெளி விழுகிறது. இரவின் அமைதியில் அது துல்லியமாகத் தெரிகிறது. தாலாட்டு மெட்டுகள் ஏறி இறங்குவதால் இந்த வேலைக்குப் பயன்படவில்லை.

குறைகளில் பெரியது டைமர். 30, 60 நிமிடம் என்ற இரண்டு அளவுகளே உள்ளன; நேரம் முடிந்ததும் ஒலி படிப்படியாகத் தேயாமல் சட்டென்று அறுந்துவிடுகிறது. இந்த வயதில் ஓர் உறக்கச் சுற்று சுமார் 50 முதல் 60 நிமிடம் நீடிக்கும் என்பதால், குழந்தை ஒரு சுற்றை முடித்து மேலோட்டமான உறக்கத்துக்கு வரும் அதே நேரத்தில் அறை திடீரென்று நிசப்தமாகிறது. எங்கள் மகள் பலமுறை அப்போதுதான் விழித்தாள். சார்ஜரில் செருகி வைத்தால் மட்டுமே இடைவிடாமல் ஒலிக்கிறது. அதோடு, ஒவ்வொரு பட்டனை அழுத்தும்போதும் 'பீப்' என்று ஓர் ஓசை வருகிறது. குழந்தையை உறங்கவைப்பதற்காகச் செய்த கருவியில் இதை எப்படி அனுமதித்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

இதைவிட என்னைக் கவலைப்படுத்துவது ஒலியளவு. 2014இல் வெளியான ஓர் ஆய்வில் இத்தகைய 14 கருவிகளைச் சோதித்தபோது, முழு ஒலியளவில் 30 சென்டிமீட்டர் தொலைவில் அனைத்துமே மருத்துவமனைக் குழந்தைகள் அறைக்குப் பரிந்துரைக்கப்படும் 50 டெசிபல் வரம்பைத் தாண்டின. மூன்று 85 டெசிபலையும் தாண்டின. ஆனால் இந்தக் கருவியோடு, தொட்டில் கம்பியில் கட்டுவதற்கென்றே ஒரு பட்டியைத் தருகிறார்கள். அதை நான் பயன்படுத்தவில்லை. வாங்குவோர் யாரும் பயன்படுத்த வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். தொட்டிலிலிருந்து குறைந்தது 2 மீட்டர் தள்ளி, ஒலியளவை முதல் அல்லது இரண்டாம் படியில் வைத்தாலே போதும். இலவசமாக வந்த மெத்தென்ற சிறு தலையணையையும் எடுத்து வைத்துவிட்டோம்; குழந்தையை மல்லாக்கக் கிடத்தும் தட்டையான, உறுதியான மெத்தையில் வேறெதுவும் இருக்கக்கூடாது.

கருவியை மட்டும் நம்பாமல், ஜப்பானிய ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஒரு வழியையும் சேர்த்துக்கொண்டோம்: அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு 5 நிமிடம் சீராக நடப்பது, உறங்கியதும் உடனே கிடத்தாமல் மேலும் 5 முதல் 8 நிமிடம் மடியில் வைத்து அமர்ந்திருப்பது. முன்பு நான் அவசரப்பட்டுக் கிடத்தியதே அவள் விழித்ததற்குப் பெரும் காரணம் என்று இப்போது தோன்றுகிறது. ஐந்தாம், ஆறாம் வாரங்களில் அழுகை உச்சத்தை எட்டிப் பிறகு தானாகவே தணிவது இயல்பு; ஆகவே முன்னேற்றம் முழுவதையும் கருவியின் கணக்கில் எழுத மாட்டேன்.

ஓசை மிகுந்த வீட்டில் இருப்பவர்களுக்கும், என்னைப் போல் ஒவ்வொரு சிணுங்கலுக்கும் எழுந்து ஓடுபவர்களுக்கும் இதைப் பரிந்துரைக்கிறேன். வேறு கருவி கிடைத்தால், இரவு முழுவதும் ஒலிப்பதும், ஒலி மெல்லத் தேய்ந்து அடங்குவதுமான ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மகளுக்கு இப்போது பதினான்கு வாரம். ஒலியளவை முதல் படிக்குக் குறைத்துவிட்டோம். இரவின் முதல் உறக்கம் நான்கு மணி நேரம் வரை நீள்கிறது, அந்த நான்கு மணி நேரமும் என் மனைவி உறங்குகிறாள்.