ஒற்றைக் குரலுக்குத் துணை: உடுக்கா, கிற்றாரா?

நாட்டார் மெட்டில் சொந்தப் பாட்டுக் கட்டுபவர் வாத்தியத்தைக் குறைக்கக் குறைக்கச் சொல் முன்னுக்கு வரும். வன்னியில் கைக்கெட்டும் துணை இரண்டு.

உடுக்கின் இடைக்கயிற்றை அழுத்தினால் ஒலி ஏறும், விட்டால் இறங்கும். அம்மன் கோயில் பாட்டுக்குப் பழகிய காது உடனே ஒட்டிக்கொள்ளும். ஆனால் நிலையான சுருதி தராது. பாட்டில் நாலு வரி போகக் குரல் நழுவும். கார்த்திகை மழையில் தோல் தளரும். தணலில் காட்டலாம், கிட்டப் பிடித்தால் வெடிக்கும்.

கிற்றார் சுருதியைப் பிடித்துத் தரும். தொல்லை முழுக் கோட்களில்தான் (பல சுரங்களை ஒன்றாக மீட்டும் chord): ஒப்பாரியின் இழுவைச் சுரங்களோடு மோதும். ச, ப என்ற இரண்டு சுரங்களை மட்டும் மீட்டி, காந்தாரத்தை (க) குரலுக்கு விடுங்கள். வியர்வையில் கம்பி துருப்பிடிக்கும், துடைத்து வையுங்கள்.

பாட்டுக் கட்டும்போது கிற்றார். மேடையில் உடுக்கும் சுருதிப்பெட்டியும். மைக் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில், உடுக்கு இடுப்பளவில். உயர்த்தினால் சொல்லை விழுங்கிவிடும்.