உப்பு மாவா, காகிதக் கூழா, பழைய லுங்கியா? ரங்கூன் மழைக்குத் தாங்குறது எது

நாங்க இருக்குறது பர்மாவுல, ரங்கூன்ல. ஏப்ரல்ல பர்மாக்காரங்க தின்ஜான் தண்ணித் திருவிழாவும் நம்ம சித்திரை ஒண்ணாந்தேதியும் ஒட்டி ஒட்டி வருமில்ல, ஸ்கூலும் ஜூன் வரைக்கும் கெடையாது, புள்ளைங்க ரெண்டும் வீட்டுலயே கெடக்கும், கரண்ட் வரும் போகும், போன்ல சார்ஜ் இருக்குற வரைக்கும் சத்தமில்லாம இருப்பாங்க, அப்புறம் ஒருத்தர் மேல ஒருத்தர் பாய ஆரம்பிச்சுருவாங்க. அதுக்காகத்தான் வீட்டுலயே எதாச்சும் கையால செய்யலாம்னு ஆரம்பிச்சோம். காசு செலவாகக் கூடாது, அடுப்பு பக்கம் போகக் கூடாது, பையனுக்கு ஒம்போது வயசு பொண்ணுக்கு ஆறு, ரெண்டு பேருக்கும் வேலை இருக்கணும். நாங்க வச்ச கண்டிஷன் இவ்வளவுதான். ஊடால எங்க அத்தை வந்து இன்னொண்ணு போட்டாங்க, "செய்யுறதுதான் செய்யுறீங்க, கொலுவுல வைக்குற மாதிரி செய்யுங்களேன்"னு.

அது சின்ன கண்டிஷன் மாதிரிதான் இருந்துச்சு. யோசிச்சுப் பாத்தா ஏப்ரல்ல செஞ்ச பொம்மை நவராத்திரி வரைக்கும் உசுரோட இருக்கணும், அதாவது ஆறு மாசம், அதுல அஞ்சு மாசம் ரங்கூன் மழை. மெட்ராஸ்ல வருஷம் பூரா பெய்யுறது 1,400 மில்லிமீட்டர் கிட்டன்னா இங்க 2,500க்கு மேல, அதுவும் மே கடைசியில இருந்து அக்டோபருக்குள்ள கொட்டித் தீத்துரும். சுவத்துல கை வச்சா ஈரம், அலமாரியில செருப்பு பூசணம் பூக்கும், உப்பு ஜாடியில உப்பு தண்ணியா நிக்கும். அதனால விலை, அழகு, சுலபம் எல்லாம் எனக்கு அப்புறந்தான். ரெண்டு வருஷமா மூணு விதமா செஞ்சு பாத்துட்டேன், மழைக்குத் தாங்குதாங்குறதுதான் என் கேள்வி.

மொதல்லயே சொல்லிடுறேன், நான் காகிதக் கூழ் கட்சி. அதனால கொஞ்சம் ஒரு பக்கமாத்தான் இருக்கும்.

செலவைப் பத்தி ரொம்ப பேச வேணாம், மூணுமே கிட்டத்தட்ட சும்மாதான். உப்பு மாவுக்கு மைதாவும் உப்பும், கூழுக்கு பழைய நோட்டும் வெந்தயமும், துணிக்கு கிழிஞ்ச லுங்கி. பெயிண்ட்தான் காசு.

உப்பு மாவுல இருந்து ஆரம்பிக்குறேன், ஏன்னா மொத வருஷம் நாங்களும் அதுலதான் ஆரம்பிச்சோம். ரெண்டு கப் மைதா, ஒரு கப் தூள் உப்பு, ஒரு கப்புக்குக் கொஞ்சம் கொறவா தண்ணி, சப்பாத்தி மாவு பதத்துக்குப் பெசைஞ்சா முடிஞ்சுது. என் பொண்ணு பக்கத்து வீட்டு ஆத்தாகிட்ட போயி "எங்க வீட்டுல உப்புமால பொம்மை செய்யுறோம்"னு சொல்லிட்டு வந்துட்டா, அவங்க சாயங்காலம் தட்டோட வந்து நின்னாங்க. குழந்தைங்களுக்கு இத மாதிரி சந்தோஷமான சாமான் வேற கெடையாது, கை வச்ச உடனே உருவம் வருது, தப்பா போனா உருட்டிட்டு மறுபடி செய்யலாம், வாயில வச்சாலும் உப்புக் கரிச்சு தானே துப்பிரும். புள்ளையார், எலி, ஒரு தட்டு கொழுக்கட்டை, பையன் ஒரு பஸ்ஸு, எல்லாம் ஒரே மதியத்துல. ஓவன்ல காய வைக்கலாம்தான், எங்களுக்கு கரண்ட்ட நம்ப முடியாது, மொட்டை மாடி வெயில்ல நாலு நாள் வச்சோம். ஒரு விரல் தடிமனுக்கு மேல இருந்த எடமெல்லாம் வெடிப்பு விட்டுச்சு, மத்தபடி கல்லு மாதிரி ஆயிருச்சு. சந்தோஷமா பெயிண்ட் அடிச்சு ஷோகேஸ்ல வச்சோம்.

ஜூன் ரெண்டாவது வாரம் பொண்ணு ஓடி வந்து "அம்மா, புள்ளையாருக்கு வேர்க்குதும்மா"ங்குறா. போயி பாத்தா நெசமாவே நெத்தியில முத்து முத்தா தண்ணி. சாப்பாட்டு உப்பு இருக்கே, அது காத்துல ஈரம் முக்கால் பங்குக்கு மேல போச்சுன்னா, அதாவது 75 சதவீதத்தத் தாண்டுனா, காத்துல இருந்தே தண்ணிய இழுத்து தானும் கரைய ஆரம்பிச்சுரும். இங்க மழைக் காலத்துல நாள் கணக்கா அதுக்கு மேலதான் நிக்கும், அப்ப கப் கணக்குல பொம்மையில மூணுல ஒரு பங்கு உப்புன்னா என்ன ஆகும். வார்னிஷ் அடிச்சா தாங்கும்னு சொன்னாங்க, அடிச்சோம், அடிப்பக்கம் அடிக்க மறந்துட்டோம், அது வழியா ஏறிருச்சு. முழுசா ரெண்டு மூணு கோட்டு அடிச்சிருந்தா தாங்கிருக்குமோ என்னமோ, நான் மறுபடி முயற்சி பண்ணல. ஆகஸ்ட்ல தும்பிக்கை வுழுந்துச்சு, சதுர்த்தி வர்றதுக்கு முன்னாடியே புள்ளையார் கரைஞ்சு போயிட்டாரு. சாமியாச்சே குப்பையில போட முடியாதுன்னு வாளித் தண்ணியில முழுசா கரைச்சு மாடியில இருந்த செம்பருத்தித் தொட்டியில ஊத்தினேன். உப்புத் தண்ணிங்குறத யோசிக்கவே இல்ல. பத்து நாள்ல செம்பருத்தியும் போச்சு.

வறண்ட ஊர்ல இருக்குறவங்களுக்கு, மாண்டலே பக்கம் மாதிரி, உப்பு மாவு வேற மாதிரி நடந்துக்கலாம். எனக்குத் தெரிஞ்சது ரங்கூன் மட்டுந்தான்.

லுங்கித் துணி விஷயத்துல என் அனுபவம் கம்மி, அதையும் ஒத்துக்குறேன். இங்க லுங்கிக்குப் பஞ்சமே கெடையாது, ஆம்பளை பொம்பளை எல்லாரும் கட்டுறது, இடுப்புப் பக்கம் நைஞ்சாலும் கீழ்ப்பக்கம் சாயம் போகாம இருக்கும். அத ரெண்டு விரல் அகலத்துக்கு நாடா நாடாவா கிழிச்சு மூணு மூணா சடை பின்னி, சுருட்டிச் சுருட்டித் தைச்சா மிதியடி. கிழிக்குறதும் பின்னுறதும் புள்ளைங்க செய்யும், அந்த சர்ரு சர்ருன்னு கிழியுற சத்தத்துக்கே பையன் வருவான். தைக்குறதுதான் ஊசி வேலை, தடிமனான துணி, ஆறு வயசுக் கையால முடியாது, கடைசியில அத்தை தலையில வந்து முடிஞ்சுது. மழைக்குத் தாங்குறதுன்னு மட்டும் பாத்தா நியாயமா இதுதான் ஜெயிக்கணும், ஈரமானா தொவைச்சுக் காயப்போட்டா முடிஞ்சுது, பூசணமாவது ஒண்ணாவது. ஆனா கொலுவுல மிதியடிய எங்க வைக்குறது? துணி பொம்மை செய்யலாம்னு ஒண்ணு முயற்சி பண்ணோம், பஞ்சு அடைச்சதும் அது பூசணிக்கா மாதிரி ஆயிருச்சு, புள்ளைங்களே அத சீண்டல. தையல் தெரிஞ்ச கை இருந்தா கதை வேற.

இப்ப நம்ம கட்சிக்கு வர்றேன்.

ஷ்வேடகோன் புத்தர் கோயில் படிக்கட்டுக் கடைங்கள்ல செவப்பும் தங்கமுமா முட்டை மாதிரி ஒரு பொம்மை விக்குமே, தள்ளுனா சாஞ்சு ஆடி மறுபடி எழுந்து நிக்கும், பிட்-தைங்-தவுங். பேருக்கு அர்த்தமே எறிஞ்சா எறிஞ்ச தடவையெல்லாம் எழுந்து நிக்கும்ங்குறதுதான். காகிதத்துல செஞ்சு அடியில வெயிட் வச்சது. எங்க அத்தை அதப் பாத்துட்டு "இது நம்ம தஞ்சாவூர் பொம்மைக்குத் தங்கச்சி"ம்பாங்க, உருண்டை அடியும் அடியில வெயிட்டும் அதுலயும் இதே கதைதான். ரெண்டு ஊருக்கும் சொந்தமான பொம்மைன்னு நினைச்சதுமே எங்களுக்கு ஆசை வந்துருச்சு.

காகிதம் எங்க கெடைக்கும்னு கேக்காதீங்க, மார்ச்ல பரீட்சை முடிஞ்சதும் ரெண்டு புள்ளைங்க நோட்டும் சேந்தா அது ஒரு மூட்டை. பத்தலன்னா எடைக்கு எடுக்குறவங்ககிட்ட ஒரு வீசை வாங்கினா போதும், ஒரு வீசைன்னா இங்க 1.6 கிலோவுக்குக் கொஞ்சம் மேல. நம்ம ஊர்ல வீசைங்குற சொல்லையே மறந்துட்டாங்க, இங்க காய்கறியில இருந்து பேப்பர் வரைக்கும் இன்னும் வீசைதான்.

ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, காகிதத்தக் கிழிச்சுக் கிழிச்சுப் பசை தடவி அடுக்கடுக்கா ஒட்டுறது. இன்னொண்ணு, ராத்திரி ஊறப்போட்டு அரைச்சுக் கூழாக்கி பூசுறது. கடை பொம்மை மொத வழிதான், அச்சு மேல ஒட்டிக் காஞ்சதும் கீறி எடுத்து மறுபடி சேத்து ஒட்டுவாங்க. நாங்க ரெண்டையும் கலந்துக்கிட்டோம்: பலூனை ஊதி அது மேல கிழிச்ச காகிதம் ஆறு அடுக்கு, ஒரு நாளைக்கு ரெண்டு அடுக்குக்கு மேல கூடாது, அப்புறம் மூஞ்சி மூக்குக்கு மட்டும் கூழ். மொத்தமா கூழையே அப்புனா வெளிய காஞ்ச மாதிரி தெரியும், உள்ள ஈரம் நிக்கும், அந்த ஈரம்தான் பின்னாடி பூசணமா வரும்.

பசையிலதான் எல்லாமே இருக்கு. மைதாவக் காய்ச்சுனா நல்ல பசை வரும், ஆனா அது பூச்சிக்கு விருந்து, கரப்பான், ராமபாணப் பூச்சி, எலி எல்லாம் வரும். அந்தக் காலத்துல புத்தகம் கட்டுறவங்க அதுக்காகத்தான் பசையில மயில்துத்தம் போடுவாங்க, அது விஷம், புள்ளைங்க கை வைக்குற எடத்துல வேணவே வேணாம். அத்தைதான் சொன்னாங்க, அவங்க அம்மா காலத்துல மூங்கில் முறத்துக்கும் கூடைக்கும் ஓட்டை அடைக்க காகிதத்தோட வெந்தயத்த ஊறவச்சு அரைச்சு பூசுவாங்களாம், வருஷக்கணக்கா இருக்குமாம், கசப்புக்குப் பூச்சி அண்டாதாம். தெயின்ஜி ஸே மார்க்கெட்டுல போயி வெந்தயம் வாங்கிட்டு வந்தேன். ஒரு ராத்திரி ஊறுனா கொழகொழன்னு வரும் பாருங்க, அந்தக் கொழகொழப்புதான் பிடிமானம். ஒரு கைப்புடி வெந்தயத்துக்கு மூணு கைப்புடி பிழிஞ்ச கூழ், மிக்ஸில நைசா அரைச்சு சேத்தோம், கரண்ட் இல்லாத அன்னைக்கு அம்மியில. காயுற மூணு நாளைக்கு வீடே கறிக்கொழம்பு வாசனை, அதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது.

வெந்தயக் கசப்புனாலதான் பூச்சி வரலையா, இல்ல நாங்க நல்லா காய வச்சதுனாலயான்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியல. ஆனா மொத வருஷம் மைதாப் பசையில ஒட்டுன பொம்மையில ஒண்ணோட காதை எலி தின்னுச்சு, வெந்தயத்துல செஞ்சத எதுவும் தொடல. எனக்கு அது போதும்.

எழுந்து நிக்கணும்னா அடியில வெயிட் வைக்கணும், இதுல நாங்க நல்லா அசிங்கப்பட்டோம். களிமண்ணு உருண்டைய உள்ள போட்டு மூடிட்டோம், அது ஒரு பக்கமா ஒட்டிருச்சு, பொம்மை தள்ளாமயே சாஞ்சு கெடந்துச்சு. பையன் "அப்பா ஞாயித்துக்கெழமை மாதிரி"ன்னான், அவங்க அப்பா அன்னைக்குப் பூரா அவங்கிட்ட பேசல. அப்புறம்தான் புரிஞ்சுது, வெயிட்டு நடு மையத்துல, முடிஞ்ச மட்டும் கீழ, தலைப்பக்கம் கூழ் கம்மியா இருக்கணும். அடி வட்டத்தோட மையத்துக்குக் கீழ பாரம் நிக்குற வரைக்கும் எழுந்துக்கும், மேல போச்சுன்னா படுத்துரும். அடிய ஒரு கிண்ணத்துல நேரா நிக்க வச்சு மணலும் வெள்ளைக் கம்மும் கொழைச்சு மேல இருந்து ஊத்தி ரெண்டு நாள் அசைக்காம விட்டா தானே மட்டமாயிரும். ரெண்டாவது வருஷம் செஞ்ச அஞ்சுல நாலு எழுந்து நின்னுச்சு.

மேல பூச்சுக்கு வெள்ளை அடிச்சு அதுக்கு மேல செவப்பு, தங்கம், கடைசியா வார்னிஷ் ரெண்டு கோட்டு, அடியிலயும் சேத்து, பட்டாதான் புத்தி வருது. பகான் ஊர்ல கிண்ணத்துக்குப் பூசுற தித்ஸிங்குற மரப்பால் அரக்கு இருந்தா தண்ணியே எறங்காதுன்னு ஒருத்தர் சொன்னாரு, சொன்னது சரிதான், ஆனா அந்த மரப்பால் காயுறதுக்கு முன்னாடி தோல்ல பட்டா சில பேருக்கு அரிச்சு வீங்கிரும், அதனால வீட்டுக்குள்ளயே விடல.

மழையில பாத்துக்குற வேலைன்னு பாத்தா பெருசா ஒண்ணுமில்ல. பிளாஸ்டிக் பையில மட்டும் கட்டி வைக்காதீங்க, உள்ள வேர்த்துரும். பழைய பருத்தித் துணியில சுத்தி, காஞ்ச வேப்பிலை போட்டு, வெளிச் சுவத்த ஒட்டாத அலமாரி மேல. மழை விட்டு வெயில் அடிக்குற அன்னைக்கு வெளிய எடுத்து ஒரு மணி நேரம் காத்தாட வைக்கணும், துணி காயப்போடுறப்பவே இதையும் வச்சுரலாம். முக்கியமா மே பாதிக்குள்ள முழுசா காஞ்சு வார்னிஷ் ஏறியிருக்கணும். ஜூன்ல ஆரம்பிக்குறதா இருந்தா லுங்கி பின்னுங்க, அதுதான் மரியாதை.

போன நவராத்திரிக்கு நாலு பொம்மையும் வெளிய வந்துச்சு, ஒண்ணோட கன்னத்துல மட்டும் பெயிண்ட் பொரிஞ்சிருந்துச்சு, நகத்தால சுரண்டிட்டு மேல தங்கம் பூசினா மறைஞ்சுருச்சு. அத்தை கடைசிப் படியில எடம் குடுத்தாங்க. கேட்டா "கீழ இருந்தாத்தான் வர்ற புள்ளைங்க தள்ளிப் பாக்கும்"னாங்க. கொலு பாக்க வந்த பக்கத்து வீட்டு ஆத்தா ஒண்ண ஒம்போது தடவ தள்ளிட்டு, மறுபடி தட்டோட வரலாமான்னு கேட்டாங்க.