மட்டோமோவா, கூகுள் அனலிடிக்ஸா? ஒரு பாய்க் கடையின் கணக்கு

உடன்குடியில் கருப்பட்டி வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் சென்ற வாரம் கடைக்கு வந்திருந்தார். புதிதாக இணையதளம் தொடங்கியிருக்கிறார். "அண்ணாச்சி, தளத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்க்க நீங்கள் என்ன வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். மட்டோமோ என்ற மென்பொருள் என்றேன். "எல்லாரும் கூகுள் அனலிடிக்ஸ் என்கிறார்களே?" என்றார். நானும் சில வருடம் கூகுளில்தான் இருந்தேன். டீ ஆறிப்போகும் வரை அவரிடம் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

எங்களுடையது பத்தமடைப் பாய். மணமக்கள் பெயரைப் பாயிலேயே நெய்து தருவதால் ஆர்டர்கள் முகூர்த்த மாதங்களை ஒட்டித்தான் வரும். தை, வைகாசி, ஆவணியில் ஏறும். ஆடியிலும் மார்கழியிலும் படுத்துவிடும். தை மாத வருகையை மார்கழியோடு ஒப்பிட்டு "இரண்டு மடங்காகிவிட்டது" என்று மகிழ்வதில் பொருளே இல்லை. சென்ற தையோடு ஒப்பிட வேண்டும். அதற்கு முந்தைய தையும் கையில் இருந்தால் இன்னும் நல்லது. என் தேர்வு இந்த ஒரு தேவையில்தான் போய் நின்றது.

அதற்கு முன் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஒருவர் காலையில் ஒரு முறையும் இரவில் ஒரு முறையும் வந்து மொத்தம் ஏழு பாய்களின் பக்கங்களைப் பார்த்தால் வருகையாளர் 1, வருகை 2, பக்கப் பார்வை 7. அவரே கைபேசியில் ஒரு முறை, கணினியில் ஒரு முறை என்று வந்தால் இரண்டு ஆளாகிவிடுவார். ஆகவே இதைத் தலை எண்ணும் கணக்காக நினைக்கக் கூடாது. இன்னொரு குழப்பம், வந்த வேகத்தில் திரும்புகிறவர்களின் விகிதம். ஒரே ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போனாலே மட்டோமோ அவரைத் திரும்பியவராக எழுதிவிடும். கூகுளின் இப்போதைய பதிப்பான ஜிஏ4, அந்த ஒரு பக்கத்திலேயே 10 விநாடிக்கு மேல் இருந்தவரை அப்படி எழுதாது. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் ஒரு மாலையை வீணாக்கியிருக்கிறேன்.

கூகுளின் நன்மைகள் எல்லாரும் அறிந்தவை: காசு இல்லை, நம் தளம் இருக்கும் கணினியில் (சர்வரில்) சுமை இல்லை, கூகுள் விளம்பரக் கணக்கோடு நேரடியாக இணையும். விளம்பரத்துக்குப் பணம் போடுகிறவர் அங்கேயே இருக்கட்டும். நான் போடுவதில்லை.

இனி பழைய கணக்கு. கூகுளின் முந்தைய பதிப்பான யுனிவர்சல் அனலிடிக்ஸ் 2023 ஜூலை 1 முதல் புதிய வருகைகளைப் பதிவதை நிறுத்தியது. 2024 ஜூலையில் பழைய அறிக்கைகளைத் திறக்கும் வழியும் மூடப்பட்டது. அதிலிருந்த எண்கள் ஜிஏ4-க்குத் தாமாக வந்து சேரவில்லை. அறிவிப்பு வெகு முன்னதாகவே வந்ததால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. பதிவிறக்கம் செய்து வைக்காதது என் சோம்பல். ஆனாலும் ஊரடங்கு வருடங்களில் முகூர்த்த மாதங்கள் எப்படி இருந்தன என்று பார்க்க இன்று என்னிடம் எதுவும் இல்லை. கடையின் பழைய பேரேடுகள் பரணில் இருக்கின்றன, கரையான் அரித்த ஓரங்களோடு. அந்த வருடங்களின் இணையக் கணக்கு மட்டும் இல்லை.

ஜிஏ4-இல் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். வழக்கமான அறிக்கைகள் இருக்கும். ஆனால் ஆழமாக அலசும் பகுதிக்கான விவரங்கள், நாம் எதையும் மாற்றாவிட்டால், 2 மாதம்தான் தங்கும். அமைப்பில் போய் அதை 14 மாதமாக்கலாம். இலவசக் கணக்குக்கு அதுதான் உச்சம். சென்ற தை அதற்குள் அடங்கிவிடும்; அதற்கு முந்தைய தை அடங்காது.

மட்டோமோ நம் ஹோஸ்டிங்கிலேயே, அதாவது தளத்துக்காக நாம் வாடகைக்கு எடுத்த இடத்திலேயே, நம் தரவுத்தளத்திலேயே உட்காருகிறது. பிக்விக் என்ற பெயரில் 2007-இல் வந்தது. 2018-இல் பெயர் மாறியது. மென்பொருளுக்குக் காசு இல்லை. ஆனால் கணக்கு நம் வீட்டில் இருந்தால் கரையான் பார்க்க வேண்டியதும் நாம்தான். புதிய பதிப்பு வந்தால் ஏற்ற வேண்டும். பாதுகாப்பு காரணமாகவே வரும் பதிப்புகளைத் தள்ளிப்போடக் கூடாது. ஒரு முறை ஹோஸ்டிங் நிறுவனம் சொல்லாமல், மட்டோமோ ஓடுவதற்கு வேண்டிய பிஎச்பி என்ற நிரல்மொழியின் பதிப்பை மாற்றியதில், அதுவரை மேம்படுத்தாமல் விட்டிருந்த என் மட்டோமோ நின்றுவிட்டது. நான் கவனிக்க ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளும் ஆடியில் போனது என் அதிர்ஷ்டம்.

தரவுத்தளமும் வளர்ந்துகொண்டே போகும். இதற்கு ஒரு வழி உண்டு: ஒவ்வொரு வருகையின் மூல விவரத்தையும் குறிப்பிட்ட நாளுக்குப் பின் அழித்துவிட்டு, தொகுத்த அறிக்கையை மட்டும் வைத்துக்கொள்ளும்படி அமைக்கலாம். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். தைக்குத் தை ஒப்பிடத் தொகுத்த எண்களே போதும். மாதம் ஒரு முறை, வெள்ளிக்கிழமை கடை அடைத்தபின் அரை மணி நேரம்: பதிப்பு பார்ப்பது, தரவுத்தளத்தை நகலெடுப்பது. என் உழைப்பு அவ்வளவுதான். தினம் சில நூறு பேர் வரும் தளத்துக்கு இது சரி. ஆயிரக்கணக்கில் வருகிற தளத்தை நான் நடத்தியதில்லை. அங்கே, பல தளங்கள் ஒரே சர்வரைப் பகிரும் சாதாரண ஹோஸ்டிங் திணறலாம்.

எங்களுக்கு ஆர்டர் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. ஆகவே எண்ண வேண்டியது வாட்ஸ்அப் பொத்தானை அழுத்தியவர்களை. மட்டோமோவில் வெளி இணைப்பை அழுத்துவதை ஓர் இலக்காகக் குறிக்கச் சில நிமிடம் போதும். ஜிஏ4 அந்தச் சொடுக்குகளைத் தானாகப் பதிகிறது; ஆனால் மற்ற வெளி இணைப்புகளிலிருந்து பிரித்தெடுக்க இன்னும் இரண்டு படி ஏற வேண்டும். செய்ய முடியாததல்ல, எனக்குப் பொறுமை இல்லை. எங்கள் வீட்டுப் பிள்ளைகளே தளத்தைத் திறந்து திறந்து பார்ப்பதால் ஏறும் எண்ணிக்கையை, அந்தந்த உலாவியில் ஒரு குக்கீயை (உலாவி சேமித்து வைக்கும் சிறு குறிப்பை) வைத்துக் கழித்துவிடவும் மட்டோமோவில் முடிகிறது.

ஊர்ப் பெயரை இரண்டிலும் நம்பாதீர்கள். பாளையங்கோட்டையில் உட்கார்ந்து என் கைபேசியில் திறந்தேன்; சென்னை என்று காட்டியது. சென்னையில் வாடிக்கையாளர் குவிகிறார்கள் என்று அங்கே கிளை தேட ஆரம்பித்துவிடக் கூடாது.

இதே வேலைக்குப் பிளாசிபிள் என்று இன்னொன்றும் உண்டு. குக்கீ இல்லை, எல்லாம் ஒரே பக்கத்தில், பார்க்கவே சுகம். சோதனைக் காலத்தில் மட்டும் பயன்படுத்தினேன். மாதாமாதம் வெளிநாட்டுக் கட்டணம் என்பதால் தொடரவில்லை. பராமரிப்பே வேண்டாம் என்பவருக்கு அதுதான் பொருந்தும் என்று தோன்றுகிறது.

எதை வைத்தாலும் கூகுளின் சர்ச் கன்சோலையும் சேர்த்து வையுங்கள். என்ன சொல்லைத் தட்டித் தேடியபோது நம் தளம் தெரிந்தது என்பதை அது 16 மாதம் வரை காட்டும். மட்டோமோவும் அனலிடிக்ஸும் தனியாக அதைச் சொல்வதில்லை. எங்கள் பாயை 'கல்யாணப் பாய்' என்று தேடுகிறவர்கள் இருப்பது அதில்தான் தெரிந்தது. அந்தப் பெயரில் அதுவரை எங்களிடம் ஒரு பக்கம்கூட இல்லை.

நண்பருக்குப் பங்குனியில் பதநீர் இறங்க ஆரம்பிக்கும். மாசிக்குள் மட்டோமோவை ஏற்றிக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். மாதாந்தர அரை மணி நேரத்துக்கு அவர்தான் பொறுப்பு. கூலி இரண்டு கொட்டான் கருப்பட்டி.