பழைய டஸ்டர்: நாலு சக்கரமா, முன்சக்கரமா?

செகண்ட் ஹேண்டில் ரெனோ டஸ்டர் 110 டீசல் தேடுபவர்களுக்கு: தார் ரோட்டிலேயே ஓடும் வண்டி என்றால் முன்சக்கர மாடலே போதும். டிக்கியும் பெரிது, 475 லிட்டர். 2014-இல் வந்த ஆல் வீல் டிரைவில் (நாலு சக்கரமும் இழுக்கும் மாடல்) 410 தான்.

எஸ்டேட் பாதை, மழையில் சேறாகும் மண் ஏற்றம் என்று அடிக்கடி போகிறவர்கள் ஆல் வீலையே தேடிப் பிடியுங்கள். முதல் கியர் தாழ்வானது, செங்குத்து ஏற்றத்தில் கிளட்ச் தப்பிக்கும். பின்புறம் மல்டி லிங்க் சஸ்பென்ஷன். குண்டும் குழியுமான ரோட்டில் அதன் நிதானமே தனி.

வாங்கும் முன் டயரைப் பாருங்கள். நாலும் ஒரே பிராண்டு, ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும். முன்னும் பின்னும் வேறுபட்டால், ஆல் வீலில் பின்சக்கரங்களுக்கு இழுவிசையை அனுப்பும் கப்ளிங் ஓயாமல் வேலை செய்து சூடாகும். ஆல் வீல் மோடை மாற்றும் திருகு நாபை ஆட்டோவில் வைத்து, ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டமடியுங்கள். இழுத்து உதறினால் விலகிவிடுங்கள். நாபை லாக் மோடில் வைத்தால் காய்ந்த தார் ரோட்டில் இறுக்குவது இயல்புதான், பயப்பட வேண்டாம். வண்டியைத் தூக்கி, பின் டிஃபரன்ஷியலில் ஆயில் கசிவையும் அதற்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டில் ஆட்டத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

எந்த மாடலானாலும் டைமிங் பெல்ட் மாற்றிய பில் இல்லையென்றால், அந்தச் செலவை விலையில் கழித்தே பேசுங்கள்.