டிசி கிராமத்துக் குடைராட்டினம்: லா ஃபாபுலோசரி அருங்காட்சியகம்

பிரான்சின் பர்கண்டிப் பகுதியிலுள்ள யோன் மாவட்டத்தில், டிசி என்னும் சிற்றூரில் 1983ஆம் ஆண்டு திறக்கப்பட்ட லா ஃபாபுலோசரி, ஓவியப் பள்ளியின் வாசலை மிதிக்காத உழவர்களும் தொழிலாளர்களும் மாடு மேய்ப்பவர்களும் தம் மனநிறைவுக்காகச் செய்தவற்றைக் காத்துவரும் அருங்காட்சியகம். இதை நிறுவிய அலென் பூர்போனே ஒரு கட்டடக் கலைஞர். பாரிசின் நாசியோன் புறநகர் ரயில் நிலையத்தை வடிவமைத்தவர். இவ்வகைப் படைப்புகளுக்கு ‘ஆர் ப்ரூத்’ (பண்படாத கலை) என்று பெயரிட்ட ஓவியர் ழான் டுபூஃபே, அந்தப் பெயரைத் தம் திரட்டுக்கே உரியதாக வைத்துக்கொண்டார். அதனால் பூர்போனே, ‘நெறிகளுக்கு அப்பாற்பட்ட கலை’ என்று பொருள்படும் வேறொரு பெயரை ஏற்றார். அதையும் முன்மொழிந்தவர் டுபூஃபேதான் என்பது சுவையான செய்தி.

அருங்காட்சியகம் ஒரு வீடும் அதையொட்டிய தோட்டமுமாக அமைந்துள்ளது. வீட்டினுள் இருப்பவற்றுள் பூர்போனே தாமே செய்த ‘டுர்புலான்’ என்னும் குறும்புக்காரப் பேருருவங்கள் முதலில் சிரிப்பை வரவழைக்கின்றன; சற்று நின்று பார்த்தால் அச்சமும் எழுகிறது. பிரான்சிஸ் மார்ஷல் பழைய காலுறைகளைத் திணித்துக் கட்டிய பொம்மைகளில் அந்த அச்சமே மேலோங்குகிறது. குழந்தைகளை அழைத்துச் செல்வோர் இதை நினைவில் கொள்வது நல்லது. பார்வை இழந்த பின்னரும் மரத்தில் அசையும் பொறிகளைச் செய்துவந்த உழவர் எமில் ரத்தியேயின் படைப்புகளோ, கண்ணுக்கு விருந்தாவதைக் காட்டிலும் கைக்கும் காதுக்கும் உரியவை.

எனினும், இவ்வளவு தொலைவு செல்வதற்குத் தகுதியான ஒன்றைச் சுட்டச் சொன்னால், குளத்தைச் சுற்றி அமைந்த தோட்டத்தில் உள்ள பியேர் அவெசாரின் குடைராட்டினத்தையே சொல்வேன். 1909இல் பிறந்த இவருக்குப் பிறவியிலேயே முகம் சிதைந்திருந்தது. காதும் சரியாகக் கேட்காது, பேச்சும் தெளிவாக வராது. சிறு வயதிலேயே பள்ளியை விட்டு மாடு மேய்க்கச் சென்ற அவர், லுவாரே மாவட்டப் பண்ணை ஒன்றில் தகரம், மரம், கம்பி, கழிக்கப்பட்ட இயந்திரத் துண்டுகள் ஆகியவற்றைக் கொண்டு பல ஆண்டுகள் உழைத்து ஓர் உலகத்தையே இயக்கிக் காட்டினார். விமானங்கள் சுற்றுகின்றன, மாடுகள் நகர்கின்றன, மனிதர்கள் ஆடுகிறார்கள், எல்லாவற்றுக்கும் மேலே ஐஃபெல் கோபுரம் நிற்கிறது. அவருடைய முதுமையில் சிதையத் தொடங்கிய இதைப் பிரித்துக் கொண்டுவந்து, பூர்போனே மறைந்த மறு ஆண்டான 1989இல் இங்கே மீண்டும் ஓடவிட்டனர். நம் ஊர்த் திருவிழா ராட்டினத்தில் ஏறிச் சுற்றுவோம். இதிலோ பார்ப்பவர் நிற்க, ஒரு கிராமத்தின் அன்றாடம் கடகடவென்று சுற்றிவருகிறது. செய்தவரின் உடற்குறையைச் சொல்லி இரக்கம் தேட இதற்குத் தேவையே இல்லை: ஒரு பற்சக்கரத்தின் அசைவு எந்தக் கம்பி வழியாக எந்த மாட்டின் தலையைத் திருப்புகிறது என்று தேடுவதிலேயே மனம் ஆழ்ந்துவிடுகிறது.

வீட்டை வழிகாட்டியுடன்தான் சுற்றிப் பார்க்க முடியும் என்பதால், ஒரு படைப்பின் முன் விரும்பிய வரை நிற்க நினைப்பவருக்கு அந்த ஏற்பாடு பொருந்தாது. தோட்டத்தில் அந்தக் கட்டுப்பாடு குறைவு. குளிர்காலத்தில் அருங்காட்சியகம் மூடப்பட்டிருக்கும். சொந்த வாகனம் இல்லாமல் டிசிக்குச் செல்வதும் எளிதன்று. வீட்டை முன்னதாக முடித்துக்கொண்டு, ராட்டினம் ஓடும் வேளையைக் கேட்டறிந்து, அதற்கென ஒரு மணி நேரமாவது ஒதுக்குவது நல்லது; ஒரு சுற்றில் மாடுகளைப் பார்த்தால் விமானங்கள் தப்பிவிடுகின்றன.