கல்லறை எழுத்தைத் தெளிவாக்கித் தருகிறோம் என்பவர்களிடம் கவனம்

தூத்துக்குடி பக்கம் எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அம்மாவின் பூட்டனார் கல்லறை இருக்கிறது. சலவைக்கல். உப்புக் காற்றில் எழுத்தெல்லாம் மழுங்கி, விரலால் தடவினால்தான் ஏதோ வெட்டியிருப்பது தெரியும். நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்குள் அதே வாசகத்தோடு புதுக் கல் வைக்க வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை.

பழைய படங்களைச் சரிசெய்து தருவதாக இணையத்தில் விளம்பரம் செய்த ஒருவரைப் பிடித்தேன். என்னிடம் இருந்தது உச்சி வெயிலில் மொபைலில் எடுத்த ஒரே படம். வேறு படம் வேண்டுமா என்று நானே கேட்டேன். “இதுவே போதும்” என்றார். 4,000 ரூபாய் முன்பணம். இரண்டு நாளில் படம் வந்தது, நேற்று வெட்டிய கல் மாதிரி. ‘தலைமை ஆசிரியர்’, மறைவு 1936, கீழே ‘ஆழ்ந்த இரங்கல்’. அம்மா அழுதுவிட்டார். அதை வைத்தே 18,000 ரூபாயில் புதுக் கல்லும் வெட்டி வைத்துவிட்டோம்.

எங்கள் தேவாலயத்தில் பாதிரியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார்தான் கண்டுபிடித்தார். படத்தைப் பார்த்ததும், “தம்பி, பழைய கல்லுல ‘லை’ இப்படி இருக்காதே” என்றார். உண்மைதான். ‘ல’வுக்குத் தும்பிக்கை வளைத்து எழுதியதுதான் அந்தக் காலத்து ‘லை’. இன்றைய வடிவம் பரவலானது 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகுதான். கோயில் அடக்கப் பதிவேட்டைப் புரட்டினோம். இறந்த வருடம் 1930.

அந்த ஆள் கல்லைப் படிக்கவே இல்லை. செயற்கை நுண்ணறிவுச் செயலியில் போட்டிருக்கிறார். தெரியாத இடத்தையெல்லாம் அது தனக்குப் பழக்கமான எழுத்தால் நிரப்பிவிட்டது. படுக்கையாகக் கிடக்கும் கல்லில் உச்சி வெயில் வெட்டுக்குள் நேராக இறங்குவதால் நிழலே விழாது. படத்தில் நிழலாவது இருந்தால்தான் அதைத் தூக்கிக் காட்ட முடியும், என் படத்தில் அதுவும் இல்லை. நேர்மையான ஆளாக இருந்தால் வேறு படம் கேட்டிருப்பார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “கல்லை ஆசிட் ஊத்தித் தேய்ச்சு வேற படம் அனுப்புங்க, இன்னும் 2,000 ஆகும்” என்றார். தயவுசெய்து யாரும் இதைச் செய்துவிடாதீர்கள். சலவைக்கல் சுண்ணாம்பு வகை, ஆசிட் பட்டால் நுரைத்துக் கரையும். மிச்சமிருக்கும் எழுத்தும் போய்விடும். மறுத்ததும் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

நல்லவேளை, பழைய கல்லைக் கொத்தனார் மதிலோரம் சாய்த்து வைத்திருந்தார். இருட்டிய பிறகு போய், தண்ணீரும் மெல்லிய துணியும் கொண்டு தூசியை மட்டும் துடைத்தோம். மொபைலை அசையாமல் ஸ்டாண்டில் நிறுத்தி, டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்து, இடம், வலம், மேல், கீழ் என்று எட்டுப் படங்கள் எடுத்தோம். வெளிச்சம் வரும் திசையிலேயே ஓடும் கோடுகளில் நிழல் விழாது என்பதால் ஒரு பக்கம் மட்டும் போதாது. பிறகு மொபைலிலேயே கறுப்பு வெள்ளையாக்கி கான்ட்ராஸ்டைக் கூட்டினோம், அவ்வளவுதான். இதற்குச் செலவே இல்லை.

வருடத்தின் கடைசி எண் சுழியம். ‘தலைமை ஆசிரியர்’ அல்ல, ‘தலைமை உபாத்தியாயர்’. தும்பிக்கை போட்ட ‘லை’யோடு. இரங்கல் என்ற வார்த்தையே கல்லில் இல்லை. அந்த இடத்தில் இருந்தது, ‘இவர் மாணாக்கர் வைத்தது’.

எங்கள் வீட்டில் யாருக்கும் அது தெரியாது. புதுக் கல்லை எடுத்துவிட்டோம். இந்தத் திருநாளுக்கு அந்தப் பழைய கல்லின் முன்தான் மெழுகுவர்த்தி ஏற்றினார் அம்மா.