பச்சோந்திக்கு ஒரு வலைக்கூண்டு

பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம், ஜன்னலுக்குக் கொசுவலை அடித்துத் தரும் அலுமினியக் கடை. என் பச்சோந்திக்குக் கூண்டு அங்கேதான் செய்யக் கொடுத்தேன். "என்ன தம்பி, ஓணானுக்கா இவ்வளவு செலவு செய்யிய?" என்று சிரித்தார் அண்ணாச்சி. (ஏமன் நாட்டு இனம், ஒன்றிய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிந்தது. நம்மூர் உடைமரத்தில் திரிவதைப் பிடித்து வளர்த்தால் 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் சும்மா விடாது.)

இரண்டடிக்கு இரண்டடி, உயரம் நான்கடி. கண்ணாடித் தொட்டியில் காற்று தேங்கும்; புற ஊதாக் கதிரையும் கண்ணாடி தடுத்துவிடும். அண்ணாச்சி முதலில் நைலான் வலையைத்தான் காட்டினார். இரைக்கு விடும் சுவர்க்கோழி கடித்தே வெளியேறிவிடும் என்றதும் ஸ்டீல் வலைக்கு மாறினார். வெட்டிய முனைகளை ரப்பர் பீடிங் பட்டைக்குள் செருகியிருந்தார். விரலால் தடவிப் பார்த்தேன், ஒரு கம்பிகூடக் குத்தவில்லை. இரண்டும் மூன்றுமாக விரல் சேர்ந்த பச்சோந்தியின் பாதம் வலையைப் பற்றித் தொங்கும்போது நகமும் சிக்கவில்லை.

குறை என்றால், அடித்தட்டில் வடிகால் ஓட்டை இல்லை. பச்சோந்தி பெரும்பாலும் கிண்ணத்தில் குடிக்காது, இலையில் நிற்கும் துளியைத்தான் நக்கும். காலை மாலை ஸ்ப்ரே அடித்தால் தண்ணீர் எங்கே போகும்? கேட்டதும் டிரில் போட்டுத் தந்தார், காசு வாங்கவில்லை. கதவுக் கொக்கி இன்னும் லூஸ்தான். சொன்ன தேதிக்கும் தரவில்லை.

மொத்தம் 4,200 ரூபாய். ஆன்லைனில் வரும் ஜிப் வைத்த துணிக்கூண்டுக்கு இது எவ்வளவோ மேல். அளவைத் தாளில் எழுதிக் கொடுங்கள்; வாயால் சொன்னால் ஜன்னல் சைஸுக்கு அடித்துவிடுவார்.